அமலோற்பவத்தின் வித்தியாசப் பட்டியல்

பிப்ரவரி 6, திங்கள்

மருந்துக்கடைக்காரர் சும்மா கொடுத்த டைரி. ஒரு மாதம் வெற்றுத்தாளாகப் போய்விட்டது, மீதியையாவது எழுதலாம்.

இன்று புது வேலை தொடங்கியது. வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்று நர்சுகளுக்கான மருந்தளவுக் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பியிருக்கிறது. அதை எக்ஸ்எம்எல் கோப்பாக மாற்றிக் கொடுக்க வேண்டும். இலாசுப்பேட்டையில் எங்கள் கம்பெனி பதினெட்டு வருடமாகச் செய்வது இதைத்தான். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்வார்கள், ஒருவர் ஏ அறையில், மற்றவர் பி அறையில். பிறகு ப்ரோக்ராம் இரண்டையும் ஒப்பிடும். எங்கே வேறுபடுகிறதோ அங்கே யாரோ ஒருவர் தப்பு செய்திருக்கிறார். இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் பிழைப்பே ஓடுகிறது. அதனால் இரண்டு அறைக்காரர்களும் ஆபீசில் வேலையைப் பற்றிப் பேசக் கூடாது, சேர்ந்து சாப்பிடவும் கூடாது. சாப்பாட்டு நேரமே வேறு வேறு.

ஒப்பிடும் ப்ரோக்ராம் என் பொறுப்பு. பழையது படுத்துவிட்டது. ஃபங்ஷனல் முறையில் புதிதாக எழுதப்போகிறேன் என்று மேனேஜர் வாசுகியிடம் சொன்னேன். "எப்படி வேணா எழுதுங்க பரிதி சார், மார்ச் பத்துக்குள்ள எனக்குப் புத்தகம் போகணும்" என்றார்.

முழுப்பெயர் இளம்பரிதி. அப்பா தனித்தமிழ்ப் பற்றாளர். ஐம்பது வயதில் இந்தப் பெயரோடு வங்கியில் போய் நின்றால் கவுன்ட்டர் பெண் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறாள்.

ஏ அறையில் அமலோற்பவம். பி அறையில் மங்கையர்க்கரசி, எங்களுக்கு அரசி. இருவரும் முத்தியால்பேட்டையில் அடுத்தடுத்த வீடு, ஒரே ஸ்கூட்டரில் வருகிறார்கள். கேட்டுக்குள் நுழைந்ததும் அந்நியர்களாகிவிடுவார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

பிப்ரவரி 8, புதன்

எக்ஸ்எம்எல் என்பது டப்பாவுக்குள் டப்பா. புத்தகம் என்ற டப்பாவுக்குள் அதிகாரம், அதற்குள் அட்டவணை, அதற்குள் வரிசை, அதற்குள் மருந்தின் பெயர், வயது, அளவு. ஒப்பிடுவதற்கு ஒரே ஃபங்ஷன், அதாவது ஒரு குட்டிக் கட்டளைத் தொகுப்பு, போதும். இரண்டு டப்பாக்களின் பெயரும் ஒன்றா பார். உள்ளே இருக்கும் டப்பாக்களுக்கும் இதையே செய். அது தன்னையே கூப்பிட்டுக்கொண்டு அடிவரை போய்த் திரும்பி வரும். மொத்தம் பதினோரு வரி. கிடைக்கும் வித்தியாசங்கள் மூன்றே வகை: மாறியது, கூடியது, விடுபட்டது.

இந்த முறையில் எனக்குப் பிடித்த கட்டுப்பாடு ஒன்று உண்டு. எதையும் இருக்கிற இடத்தில் திருத்தக் கூடாது. ஃபங்ஷன் ஒன்றை வாங்கும், புதிதாக ஒன்றைக் கொடுக்கும், வாங்கியது வாங்கியபடியே கிடக்கும். கோப்புகளைச் சேமிப்பதற்கும் இதையே வைத்துவிட்டேன். யார் சேமித்தாலும் பழைய பிரதி அழியாது, புதுப் பிரதி பக்கத்தில் போய் உட்காரும். "டிஸ்க்கு நிறைஞ்சிடும்" என்று வாசுகி முணுமுணுத்தார். நிறையட்டும்.

நான் ஏ அறைக்காரர்களோடுதான் சாப்பிடுகிறேன். அங்கே காற்று நன்றாக வரும். அமலோற்பவம் என் டப்பாவை எட்டிப் பார்த்து, "தினம் தயிர் சோறா சார்? இன்னா, ஜெயில்ல இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு இரண்டு கரண்டி நெத்திலிக் குழம்பை ஊற்றினார். தயிர்சாதத்தின் மேலேயே ஊற்றினார். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 10, வெள்ளி

பொய் வித்தியாசங்கள் தலைவலியாக இருக்கின்றன. மருந்தளவு டப்பாவின் மேல் இரண்டு சீட்டு ஒட்ட வேண்டும்: எண், அலகு. எது முதலில் என்பது முக்கியமில்லை. அமலோற்பவம் எப்போதும் எண்ணை முதலில் எழுதுவார். அரசி எப்போதும் அலகை முதலில் எழுதுவார். பொருள் ஒன்றுதான், ஆனால் ப்ரோக்ராம் ஆயிரம் இடத்தில் வித்தியாசம் என்று கத்துகிறது.

சலிப்பதற்கு ஒரு ஃபங்ஷன் எழுதினேன். ஒப்பிடுவதற்கு முன் இந்த மாதிரிப் பழக்கங்களையெல்லாம் சலித்து எடுத்துவிடும். எடுத்ததைக் கொட்டிவிட மனசு வரவில்லை, தனிப் பட்டியலில் சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பல்பு வாங்கிய அட்டைப்பெட்டியைக்கூடத் தூக்கி எறியாத தனிக்கட்டை நான்.

பிப்ரவரி 13, திங்கள்

காலையில் வராந்தாவில் அமலோற்பவத்துக்குக் கைகூப்பி வணக்கம் வைத்தேன். பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன். கண்டுகொள்ளாமல் போய்விட்டார். என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை. கோபமெல்லாம் இல்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 14, செவ்வாய்

விசேஷம் ஒன்றும் இல்லை. மதியம் மீன் வறுவல் கொடுத்தார். நேற்றுப் போல இன்று கோபமாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 15, புதன்

புது ப்ரோக்ராம் ஓடியது. முதல் எண்பது பக்கம். வித்தியாசங்களைப் பக்கப் படத்தோடு வைத்துப் பார்த்து யார் தப்பு என்று குறித்து, தலைக்கு ஒரு எண் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது வழக்கம். அரசி: 5. அமலோற்பவம்: 37.

இதுவரை அவர் பெயருக்கு எதிரே பத்தைத் தாண்டி நான் எண் போட்டதில்லை. மூன்று முறை சரிபார்த்தேன். முப்பத்தேழுதான்.

மூன்று நாள் தொடர்ந்து இருபதுக்கு மேல் போனால் மருந்துப் புத்தகத்திலிருந்து ஆளை எடுத்துவிடுவார்கள். இப்போது கம்பெனியில் வேறு புத்தகம் எதுவும் இல்லை. எடுத்துவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கணவர் இறந்து ஒன்பது வருடமாகிறது, அமலோற்பவத்துக்கு இந்தச் சம்பளம்தான். போர்டுக்கு முன்னால் மூக்கு இடிக்கிற மாதிரி நின்று பார்த்தார். "கண்ணாடி மாத்தணும் போல" என்று மட்டும் சொன்னார். பின்னால் அரசி நின்றுகொண்டிருந்தார். அந்த முப்பத்தேழையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 18, சனி

அமலோற்பவம்: வியாழன் 24. வெள்ளி 3. இன்று 0.

சைபர்! போர்டைப் பார்த்து அமலோற்பவம் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். "பாத்தீங்களா சார்? கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போ போன்னு அரசி வீட்ல பிடுங்கி எடுக்கறா. சீட்டு கூட வாங்கி வச்சுட்டா. இனிமே இந்த ஷீட்டைக் காட்டறேன் அவளுக்கு." கேக் வாங்கிக் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு துண்டு.

பிப்ரவரி 22, புதன்

திருநீற்றுப் புதன், கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம் தொடங்கும் நாள். நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வேலைக்கு வந்தார். ஏ அறைக் கதவில் தோள் இடித்து, "இந்த ஆபீஸ்ல கதவெல்லாம் குறுகிட்டே போவுது" என்றார். எல்லோரும் சிரித்தோம். டீ ஊற்றும்போது பக்கத்தில் இருந்த கோப்பையைப் பார்க்காமல் கையால் தட்டிவிட்டார். நான் துடைத்தேன்.

இன்றும் சைபர்.

பிப்ரவரி 24, வெள்ளி

இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டே எழுதுகிறேன்.

மதியம் வேலை இல்லாமல் சல்லடையில் நின்ற பட்டியலைப் புரட்டினேன். எண் முதலில், அலகு முதலில் என்று நான் ஒதுக்கி வைத்த பழக்கங்கள். ஏ கோப்பில் எல்லாம் எண் முதலில் இருக்க வேண்டும். அது அமலோற்பவத்தின் கை. வெள்ளிக்கிழமை 17-ஆம் தேதிக் கோப்பிலிருந்து, ஒவ்வொரு அட்டவணையிலும் அங்கங்கே சில கட்டங்களில் அலகு முதலில் இருக்கிறது. அது அரசியின் கை.

எந்தப் பிரதியும் அழியாது என்று நான் போட்ட விதியால் பழைய பிரதிகளும் கிடைத்தன. தினமும் மாலை ஐந்தரைக்கு அமலோற்பவம் சேமித்திருக்கிறார். மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு அதே கோப்பு இன்னொரு முறை சேமிக்கப்பட்டிருக்கிறது. ஒப்பீடு ஓடுவது எட்டரைக்கு.

பிப்ரவரி 25, சனி

ஏழரைக்கே ஆபீஸ் போனேன். ஏ அறையில் அமலோற்பவத்தின் நாற்காலியில் அரசி உட்கார்ந்து வேகவேகமாகத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"பாஸ்வேர்டு?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"மாதா பேருதான் சார், யாருக்கும் தெரியும்." அழ ஆரம்பித்துவிட்டார். "அமலுக்கா நிறைய விட்டுடுது சார். கோயிலுக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு வண்டில சீக்கிரமே வந்துடறேன், அது பஸ்ல வருது. விட்டதை மட்டும்தான் நிரப்பறேன். வேலை போயிட்டா அது இன்னா பண்ணும்?"

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்னைக் கொன்னுடும்."

மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எட்டரைக்கு ஒப்பீடு ஓடியது. சைபர் என்று போட்டு ஒட்டினேன். அந்தச் சைபரை இந்த முறை நான் தெரிந்தே ஒட்டினேன்.

பிப்ரவரி 27, திங்கள்

அரசி நிரப்பிய கட்டங்கள் மொத்தம் 311. அந்த இடங்களில் இரண்டு கோப்பையும் எழுதியது ஒரே ஆள், ஒரே கண். ஒப்பீட்டுக்கு அங்கே அர்த்தமே இல்லை. எல்லாவற்றையும் பக்கப் படத்தோடு வைத்து நானே பார்த்தேன், நாள் முழுக்க.

310 சரி. ஒன்றில் ஒன்றரை மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு. இரண்டு கோப்பிலும் பதினைந்து. என் ப்ரோக்ராம் சரி என்று சொல்லி அனுப்பியிருந்தது.

திருத்திவிட்டேன். கொஞ்ச நேரம் மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். அரசியிடம் இனி செய்யாதீர்கள் என்றேன். "அப்ப நாளைக்கு முப்பது வரும் சார், பரவாயில்லையா?" என்றார்.

பிப்ரவரி 28, செவ்வாய்

அமலோற்பவத்திடம் சொல்லவில்லை. அரசியும் நிறுத்தவில்லை.

மார்ச் 1, புதன்

இன்றும் சொல்லவில்லை. தவக்காலம் என்பதால் மீன் கிடையாது. வாழைப்பூ வடை. "மூணு எடுத்துக்குங்க சார், உங்களுக்குன்னுதான் சுட்டேன்" என்றார். என் வாயை அடைக்க அது போதுமாக இருந்தது.

மார்ச் 3, வெள்ளி

அமலோற்பவத்தின் மாலைப் பிரதிகளை மட்டும் எடுத்தேன், யார் கையும் படாதவை. அவற்றை ஒப்பிட்டு, கிடைத்த வித்தியாசங்களை வகை வகையாகக் கூட்டச் சொன்னேன். வரிசையாக ஒவ்வொன்றையும் வாங்கி, அதன் இனத்தில் சேர்த்துக்கொண்டே போகும் சின்ன ஃபங்ஷன். இரண்டு நிமிட வேலை. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

மாறியது: 2. கூடியது: 0. விடுபட்டது: 430.

அதாவது, பார்த்த எதையும் அவர் தப்பாக அடிக்கவில்லை. பார்க்காததைத்தான் விட்டிருக்கிறார். விட்டதை அட்டவணையில் எந்த நிரல், அதாவது மேலிருந்து கீழாக எந்தப் பத்தி, என்று இன்னொரு முறை பிரித்தேன். 430-இல் 402, வலது ஓரத்துக் கடைசி நிரல். நடுவில் இருப்பது பிசகாமல் இருக்கிறது. ஓரம் அவருக்கு இல்லை. இதுவரை வந்த புத்தகங்களில் இவ்வளவு அகலமான அட்டவணை இல்லாததால் இது வெளியே தெரியவில்லை.

கதவு, டீக் கோப்பை. வராந்தாவில் பக்கத்தில் நின்ற நான்.

அன்று அவர் என்னை அலட்சியம் செய்யவில்லை. அவருக்கு நான் தெரியவே இல்லை. இது புரிந்ததும் முதலில் வந்தது சந்தோஷம். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், சந்தோஷம்தான். அடுத்த நிமிஷம் பயம் வந்தது.

மார்ச் 4, சனி

வேலை முடிந்ததும் எதிர் டீக்கடைக்குக் கூப்பிட்டுப் போய்ச் சொன்னேன். அரசியும் வந்தார். பட்டியலை அச்செடுத்து வைத்திருந்தேன். அமலோற்பவம் தாளை முகத்துக்கு நேராகப் பிடித்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, முழுவதும் படித்தார். டீ ஆறியது.

"எப்பலேந்து?" என்று அரசியைக் கேட்டார்.

"பதினேழாந்தேதிலேந்து அக்கா."

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது சார்?"

"இருபத்தைந்து" என்றேன்.

"சைபர்னு ஒட்டினீங்களே சார்." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "அந்தச் சைபரைப் பாத்துட்டுத்தானே ஆஸ்பத்திரி சீட்டை எடுத்து பீரோல போட்டேன். அரசி பயமுறுத்துவா, நான் நம்ப மாட்டேன். ஆனா உங்க ப்ரோக்ராம் பொய் சொல்லாதுன்னு நெனச்சேன். அதான் எனக்கு டாக்டர் மாதிரி இருந்துச்சு."

"வேலை போயிடுமேன்னுதான் அக்கா..."

"வேலை என்னுது. கண்ணு என்னுது. ரெண்டு பேரும் கூடிப் பேசி எனக்குப் பாவம் பாத்தீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? எனக்குக் கண்ணுதான் ஓரம் தெரியல, காது நல்லாத்தான் கேக்குது."

பட்டியலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனார். அரசியின் ஸ்கூட்டரில் ஏறவில்லை.

மார்ச் 5, ஞாயிறு

அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க முடியவில்லை.

மார்ச் 6, திங்கள்

மாசி மகம், லீவு. வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்திருந்தன. ஊரே அங்கே இருந்தது. நானும் போனேன், பத்து நிமிஷத்தில் திரும்பிவிட்டேன். வீட்டில் தயிர் சாதம்.

மார்ச் 7, செவ்வாய்

ஒன்பது மணிக்கு அமலோற்பவம் நேராக மேனேஜர் அறைக்குப் போய்ப் பட்டியலை மேசையில் வைத்துவிட்டார். கண் விஷயத்தையும் அவரே சொல்லியிருக்கிறார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள்.

வாசுகி அந்தப் பதினைந்து மில்லிகிராமைக் கேட்டதும் அந்தப் பக்கப் படத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். அமலோற்பவத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்தாயிற்று. எண்பதாம் பக்கத்துக்கு மேல் ஏ கோப்பு முழுவதையும் வேறு ஆள் திரும்ப அடிக்க வேண்டும். பதிப்பகத்துக்கு ஒரு வாரத் தாமதம் என்று எழுதியாயிற்று. அரசிக்கும் எனக்கும் எச்சரிக்கைக் கடிதம். பதினெட்டு வருட வேலையில் என் முதல் கடிதம். வாங்கிக்கொண்டேன். கிடைக்க வேண்டியதுதான்.

வெளியே வந்ததும் அமலோற்பவம் என்னிடம், "வியாழக்கிழமை ஆஸ்பத்திரி. அந்த லிஸ்டை டாக்டருக்கு விளக்கணும், எனக்கு அது வராது. நீங்க வாங்க" என்றார். கேட்கவில்லை, சொன்னார். அரசியைப் பார்த்து, "நீயும்தான். வண்டியை எடு" என்றார். அரசி திரும்ப அழ ஆரம்பித்தார்.

மார்ச் 9, வியாழன்

காலை முழுக்க ஆஸ்பத்திரி. ஒரு எந்திரத்துக்குள் முகத்தை வைத்து, எங்கெங்கே வெளிச்சப்புள்ளி தெரிகிறதோ அப்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அமலோற்பவம் மும்முரமாக அழுத்தினார். நான் பக்கத்துத் திரையைப் பார்த்து எண்ணினேன். அவர் அழுத்தாத புள்ளிகள்தான் அதிகம்.

கண் நீர் அழுத்த நோய், க்ளாக்கோமா. ஓரத்திலிருந்து உள்ளே வரும், வலிக்காது, தெரியாது என்றார் டாக்டர். இளம்பெண். என் பட்டியலையும் எந்திரம் போட்ட படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "எந்தப் பேஷன்ட்டும் இவ்ளோ தெளிவா கம்ப்ளெய்ன்ட் கொண்டு வந்ததில்லை" என்றார்.

"இந்த மூணு வாரத்துல போச்சா டாக்டர்?" என்று கேட்டது அரசி. நான் கேட்கப் பயந்த கேள்வி.

"இது மூணு வருஷமா வளர்ந்திருக்கும். மூணு வாரம் பெருசு இல்ல. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா நடுவும் போயிருக்கும். போனது திரும்பாதும்மா. இருக்கறதைக் காப்பாத்தலாம். காலைல ஒரு சொட்டு, சாயங்காலம் ஒரு சொட்டு. ஒரு நாள் கூட விடக்கூடாது."

"எவ்ளோ நாளைக்கு?"

"வாழ்நாள் முழுக்க."

அமலோற்பவம் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். படிக்கட்டில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். தெருவுக்கு வந்த பிறகும் விடவில்லை. வெயில் கொளுத்தியது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 14, செவ்வாய்

நான்கு நாளாக டைரி தொடவில்லை. ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதினேன். பக்கப் படத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் திரையின் நட்டநடுவில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும். அடித்தால்தான் அடுத்தது வரும். ஓரமே கிடையாது.

முதலில் அவரிடம் கேட்டேன், பிறகுதான் மேனேஜரிடம் காட்டினேன். இந்த வரிசை முக்கியம் என்று இப்போது தெரிகிறது. "மெதுவா இருக்கு சார், கட்டை வண்டி" என்று அமலோற்பவம் அரைமணி நேரம் குறை சொன்னார். எட்டு இடம் மாற்றச் சொன்னார், மாற்றினேன். வாசுகி பழைய பக்கங்களைக் கொடுத்துச் சோதனை வைத்தார். அறுபது பக்கம். வித்தியாசம் 4. இதில் விடுபட்டது ஒன்றும் இல்லை. டாக்டர் கடிதத்தையும் சேர்த்து ஃபைலில் வைத்து, ஒரு மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார். மாதம் முடிந்ததும் என்ன ஆகும் என்று தெரியாது. அமலோற்பவத்துக்கும் அது தெரியும், இந்த முறை எல்லாமே அவருக்குத் தெரியும்.

மார்ச் 17, வெள்ளி

ஆறு மணிக்கு ஆபீஸ் காலியான பிறகு அமலோற்பவம் என் மேசைக்கு வந்தார். பக்கத்திலிருந்து வரவில்லை, சுற்றிக்கொண்டு வந்து நேராக எதிரில் நின்றார். நான் முழுசாகத் தெரிய வேண்டுமாம்.

கைப்பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்து வைத்தார்.

"காலைல அரசி போட்டுடறா. சாயங்காலம் அவளுக்கு வீட்டு வேலை, பசங்க. நானே போட்டுப் பாத்தேன், எல்லாம் கன்னத்துலதான் ஓடுது. சாயங்காலத்துக்கு ஒரு ஆள் வேணும் பரிதி சார்."

"போடறேன்" என்றேன்.

"இருங்க, அவசரப்படாதீங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. டாக்டர் சொன்னது நீங்களும் கேட்டீங்க. ஞாயித்துக்கிழமை உண்டு, கிறிஸ்துமஸ் உண்டு, மாசி மகம் உண்டு. எனக்கும் நாப்பத்தாறு ஆச்சு, சுத்தி வளைச்சுப் பேச நேரமில்ல. இன்னொண்ணு. இனிமே எங்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது. நல்லதுக்குன்னு கூட."

"அப்ப ஒண்ணு சொல்லணும்" என்றேன். "ஏ அறையில காத்தெல்லாம் வராது. ஃபேனே ஓடறதில்ல. நான் காத்துக்காக அங்க சாப்பிட வரலை."

"அது எனக்குத் தெரியும் சார். ஃபேன் ரிப்பேர்னு நான்தானே எழுதிக் கொடுத்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சரி என்றேன்.

"எதுக்குச் சரின்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான்."

அமலோற்பவம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு கண்ணையும் அகலத் திறந்துகொண்டு காத்திருந்தார்.